“எனக்கு ஷூட்டிங் மட்டும்தான் வரும், ஆட்டத்தை விட்டுவிடலாமா?”

இந்த வாரக் கடிதம் ஒரு கூடைப்பந்து வீரருடையது. நீளமான கடிதம். ஆள் அடையாளம் தெரியக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 21, உயரம் 6 அடி 2 அங்குலம். பள்ளி நாட்களிலிருந்தே கோர்ட்டின் மூலையில், அதாவது கார்னரில் நின்று த்ரீ பாயிண்டர் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து எடுக்கும் மூன்று புள்ளி) போடுவதில் கெட்டிக்காரர். பயிற்சியில் 100 பந்து எறிந்தால் 65-க்குக் குறையாமல் விழும் என்கிறார். ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு போனால் பறிகொடுத்துவிடுகிறார், கூடையில் விழாமல் தெறிக்கும் பந்தைப் பிடிக்க ரீபவுண்டுக்குப் போனால் ஒதுக்கித் தள்ளிவிடுகிறார்கள், எதிரணியைத் தடுக்கும் டிஃபென்ஸில் கால் நகர மாட்டேன் என்கிறது. இதையெல்லாம் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அணியில் அவருக்குப் பட்டப்பெயர் ‘ஒத்தக்கை’. புதிய கோச் வந்த பிறகு ஒரு ஆட்டத்துக்கு 8 நிமிடம் கிடைத்தாலே பெரிது. கடைசி 10 ஆட்டங்களில் 31 த்ரீ எறிந்து 9 போட்டிருக்கிறார். போன மாதம் ஒரு முக்கியமான ஆட்டத்தில் இறங்கி அடுத்தடுத்து இரண்டு த்ரீ போட்டும் மூன்றே நிமிடத்தில் கோச் அவரை வெளியே எடுத்துவிட்டார். அதோடு விடாமல் டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோர் முன்னாலும், “உனக்குக் கை மட்டும்தான் இருக்கு, மீதி உடம்பை வீட்லயே வச்சுட்டு வந்துடறே” என்றும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை.

இப்போது மூன்று யோசனைகள் அவர் மனதில் ஓடுகின்றன. இந்த சீசனோடு ஆட்டத்துக்கு முழுக்குப் போடுவது. அல்லது ஷூட்டிங் பயிற்சியை ஓரங்கட்டிவிட்டு ஒரு வருடம் டிரிபிளிங் (பந்தைத் தட்டிக்கொண்டு போவது), டிஃபென்ஸ், ரீபவுண்ட் என்று எல்லாவற்றையும் கற்று ‘முழு ஆட்டக்காரர்’ ஆவது, அப்படியே எறியும் முறையையும் மாற்றிவிடுவது. அல்லது, “எங்களுக்கு ஷூட்டர்தான் வேணும்” என்று வேறொரு கிளப் நீட்டியிருக்கும் ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது. கடைசி வரி இது: “ஒரே திறமையை வைத்துக்கொண்டு என்.பி.ஏ.வில் 15 வருஷம் ஆடியவர்கள் இருக்கிறார்களே சார், எனக்கு மட்டும் ஏன் அது குற்றமாகிறது?”

தம்பி, நான் கோச் இல்லை. விளையாட்டு வீரர்களோடு உட்கார்ந்து பேசுவதைத் தொழிலாகக் கொண்ட உளவியல் ஆலோசகர். உங்கள் முழங்கை எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றுக்கும் வழி தெரியும் என்று நினைக்கிறேன், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் சொல்வது உண்மைதான், அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஸ்டீவ் கெர் 1988 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 50-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், 15 சீசன் ஆடினார், ஆட்டத்துக்குச் சராசரி 6 புள்ளிதான், ஆனால் த்ரீயில் 45.4 சதவீதம், 5 சாம்பியன் பட்டங்கள். மனூட் போல் என்று 7 அடி 7 அங்குல மனிதர் ஒருவர் இருந்தார். மொத்த வாழ்க்கையில் அவர் போட்ட புள்ளி 1,599, தடுத்த எறிதல்கள் 2,086. போட்டதைவிடத் தடுத்ததுதான் அதிகம்! டென்னிஸ் ராட்மன் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு சீசன் ரீபவுண்டில் முதலிடம், ஆனால் சராசரி 7 புள்ளி சொச்சம்தான்.

இவர்களைப் பார்த்து நீங்கள் ஆறுதல் தேடுவது புரிகிறது. ஆனால் பாதியைத்தான் பார்த்திருக்கிறீர்கள். ராட்மனை ரீபவுண்டுக்கு மட்டும் என்று சொல்வது நம் வசதிக்காக. 1990, 1991 இரண்டு வருடமும் லீக்கின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் அவர்தான், தன்னைவிடப் பெரியவரையும் பிடிப்பார், சின்னவரையும் பிடிப்பார். அந்த ரீபவுண்டும் வெறும் குதிப்பு இல்லை. கூட ஆடுபவர்களை எறியச் சொல்லிவிட்டு நின்று பார்ப்பாராம், யாருடைய பந்து எப்படிச் சுழல்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து எறிந்தால் கூடையின் வளையமான ரிம்மில் பட்டு எங்கே தெறிக்கிறது என்று. அதாவது மற்றவர்கள் பந்து கிளம்பிய பிறகு யோசித்ததை அவர் முன்னாடியே யோசித்து வைத்திருந்தார். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு வேலை, உள்ளே பத்து வேலை.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொன்னால் கொஞ்சம் கசக்கும். உச்சத்தில் ‘ஒரே திறமைக்காரர்’ என்று பெயர் எடுத்தவர்களில் பலர் அதற்குக் கீழே இருந்த ஒவ்வொரு படியிலும் முழு நட்சத்திரம். ஜே.ஜே. ரெடிக்கை எல்லோரும் ஷூட்டர் என்பார்கள். அவர் 2006-இல் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே வந்தபோது அந்த அணியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். டிராஃப்டில் 11-ஆவது ஆள். அப்படிப்பட்டவர் இரண்டாவது சீசனில் 34 ஆட்டங்களில்தான் கோர்ட்டில் இறங்கினார், மீதிக்கு பெஞ்ச். அங்கே உட்கார்ந்த காலத்தில்தான் ஒழுங்காக டிஃபென்ஸ் நிற்கக் கற்றுக்கொண்டார் என்பது அவர் கதையில் முக்கியமான பகுதி. அப்புறம் மொத்தம் 15 சீசன். மேலே போகப்போக வேலை சுருங்குகிறது, அவ்வளவுதான். ஆள் சுருங்கி அங்கே போவதில்லை. நீங்கள் 21 வயதில், இந்த மட்டத்திலேயே சுருங்கிவிட்டீர்கள். உங்களுக்கும் இவர்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுவது இதுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

‘அது வேறு விஷயம்’ என்று எழுதினீர்களே

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது. அன்றைய ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது, “நான் இறங்கிய மூன்று நிமிடத்தில் அவர்களுடைய கார்டு (பந்தைக் கொண்டுவரும் வேகமான வீரர்) என்னைத் தாண்டி நான்கு லே-அப் போட்டான், அது வேறு விஷயம்” என்கிறீர்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு பக்கத்துக்குக் கோச்சின் பாரபட்சம்.

தம்பி, அதுதான் விஷயம். நீங்கள் போட்டது இரண்டு த்ரீ, 6 புள்ளி. உங்கள் வழியாகப் போனது நான்கு லே-அப் (கூடைக்குப் பக்கத்தில் போய்ப் போடும் இரண்டு புள்ளி), 8 புள்ளி. நீங்கள் சூடாக இருந்தபோதே அணிக்கு 2 புள்ளி நஷ்டம். சூடில்லாத நாளில் எவ்வளவு ஆகும் என்று கோச் கணக்குப் போட்டிருப்பார். உங்களால் டிரிபிள் செய்ய முடியவில்லை என்பதற்காகவோ ரீபவுண்ட் எடுக்கவில்லை என்பதற்காகவோ அவர் உங்களை எடுக்கவில்லை. எதிரணி உங்களைக் குறிவைக்க ஆரம்பித்துவிட்டது, அதனால் எடுத்தார்.

இதற்கு என்.பி.ஏ.வில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. டோனி ஆலன் என்று மெம்ஃபிஸ் அணியில் ஒருவர், நேர் எதிரான ஆள்: டிஃபென்ஸில் புலி, தூரத்திலிருந்து எறிய வராது. 2015 பிளேஆஃபில் (சீசன் முடிவில் பட்டத்துக்காக ஆடும் தொடர்கள்) மெம்ஃபிஸ் 2-1 என்று கோல்டன் ஸ்டேட்டை முந்தியிருந்தது. நான்காவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் கோச் தன்னுடைய உயரமான சென்டர் போகட்டை ஆலனுக்கு டிஃபென்ஸாக நிறுத்தினார். நிறுத்தினார் என்று பேர், போகட் ஆலன் பக்கமே போகவில்லை. கூடைக்கு அடியில் நின்றுகொண்டு, “எறி, எறிந்து பார்” என்று விட்டுவிட்டார். ஆலனைச் சுற்றி ஆளே இல்லை, மற்ற நான்கு பேருக்கும் மூச்சுவிட இடமில்லை. அந்தத் தொடரில் அதற்குப் பிறகு மெம்ஃபிஸ் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அந்த யோசனையைக் களத்தில் இறக்கிய கோச் யார் தெரியுமா? ஸ்டீவ் கெர்! ஒரே திறமையோடு 15 சீசன் ஆடியவருக்குத் தெரியாதா, ஒரே திறமைக்காரனை எங்கே தட்டினால் சாய்வான் என்று.

ஆக நான் சொல்ல வருவது ஒன்றுதான். உங்கள் ஒரு திறமை உங்களைக் கோர்ட்டுக்குள் கொண்டுவரும். உங்கள் ஆக மோசமான ஒரு குறை உங்களை வெளியே எடுக்கும். நடுவில் இருக்கும் மற்ற குறைகளைப் பற்றி யாருக்கும் பெரிய அக்கறை இல்லை. நீங்கள் என்னவென்றால் எல்லாக் குறையையும் ஒரே நேரத்தில் சரிசெய்யக் கிளம்புகிறீர்கள்.

ஒரே டிராஃப்ட், இரண்டு ஷூட்டர்கள்

2003 டிராஃப்டில் இரண்டாவது சுற்றில் இரண்டு ஷூட்டர்கள் எடுக்கப்பட்டார்கள். 31-ஆவது இடத்தில் ஜேசன் கபோனோ, 51-ஆவது இடத்தில் கைல் கார்வர். இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே வேலை. கபோனோ 2007, 2008 இரண்டு வருடமும் த்ரீ பாயிண்ட் போட்டியை ஜெயித்தார். அந்த இரண்டு சீசனிலும் த்ரீ சதவீதத்தில் லீக்கில் முதலிடமும் அவருக்கே. மொத்த வாழ்க்கைச் சதவீதம் 43.4. கார்வருடையது 42.9. அதாவது வெறும் சதவீதத்தை மட்டும் பார்த்தால் கபோனோ ஒரு மயிரிழை மேல்.

கபோனோ 9 சீசன் ஆடினார். கார்வர் 17 சீசன், நடுவில் 2015-இல் தன் 33-ஆவது வயதில் ஆல்-ஸ்டார். கார்வரை எடுத்த அணி டிராஃப்ட் நாளிலேயே அவருடைய உரிமையை 1,25,000 டாலருக்கு விற்றுவிட்டது, அந்தப் பணத்தில் கொஞ்சத்துக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷின் வாங்கினார்கள் என்பது கூடைப்பந்து உலகில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை.

எங்கே வித்தியாசம்? இது என் கணிப்புதான், ஆனால் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தால் நீங்களே கண்டுகொள்வீர்கள். அடுத்த முறை கார்வரின் ஆட்டத்தைப் பார்க்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள், அவரை மட்டும் பாருங்கள். நிற்கவே மாட்டார். ஒரு கார்னரில் தொடங்கி, கூடைக்கு அடியில் நுழைந்து, ஒரு ஸ்க்ரீனை (எதிராளியின் வழியை மறித்து நிற்கும் தோழனை) உரசிக்கொண்டு மறுபக்கம் வெளியே வந்து, பந்து வரவில்லை என்றால் திரும்பி வேறொருவருக்கு ஸ்க்ரீன் வைப்பார். அவரைப் பிடிக்கிற ஆள் கண்ணை எடுக்க முடியாது, அந்த ஆள் உதவிக்குப் போகாததால் கார்வரின் தோழன் ஒருவன் சுலபமாக லே-அப் போடுவான். புள்ளி அட்டையில் கார்வர் பெயரே வராது. இந்தப் பக்கம் டிஃபென்ஸில் அவர் யாரையும் பெரிதாகத் தடுத்து நிறுத்தியவர் இல்லை, ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பார், சொல்ல வேண்டியதைக் கத்திச் சொல்வார், கையைத் தூக்கி வைத்திருப்பார். குறிவைத்தால் பெரிய லாபம் இல்லை என்று எதிரணி விட்டுவிடும். அது போதும்.

‘போதும்’ என்கிற அந்த அளவுதான் நீங்கள் எட்ட வேண்டியது.

மூன்று வழிகளையும் பார்ப்போம்

முதலில், விட்டுவிடுவது. விடக்கூடாது என்று சட்டம் இல்லை, விளையாட்டை விட்டவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. ஆனால் ஒரு அவமானம் நடந்த மாதத்திலேயே எடுக்கிற முடிவு அநேகமாக அந்த அவமானத்துக்கான பதிலாக இருக்குமே தவிர உங்கள் வாழ்க்கைக்கான முடிவாக இருக்காது. சீசன் முடிந்து ஆறு வாரம் பந்தைத் தொடாமல் இருங்கள். அப்போதும் விடத் தோன்றினால் விடுங்கள். தூக்கத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்றால் அது ‘ஸ்ட்ரெஸ்தான்’ என்று ஒதுக்கிவிடுகிற விஷயம் இல்லை. இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள், முடிந்தால் நேரில் ஒரு ஆலோசகரையும். தூக்கம் கெட்டவனுக்கு டிஃபென்ஸில் முதல் அடி எப்போதும் அரை நொடி தாமதம்தான், அதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் கற்றுக்கொள்வது. இதைத்தான் நீங்கள் ரொம்ப நல்ல யோசனை என்று நினைக்கிறீர்கள், எனக்கோ இதுதான் ரொம்ப ஆபத்தாகப் படுகிறது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். ஒரு வருடத்தில் நீங்கள் சுமாரான டிரிபிளர், சுமாரான ரீபவுண்டர், சுமாரான எல்லாம் ஆவீர்கள், அப்படிப்பட்டவர்கள் பெஞ்சில் உங்களுக்கு இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களிடம் மட்டும் இருந்த ஒன்றையும் அதற்குள் துரு பிடிக்க விட்டிருப்பீர்கள்.

மார்க் ஈட்டன் கதை உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. 7 அடி 4 அங்குலம், கார் மெக்கானிக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு கல்லூரி கோச் பார்த்துக் கூப்பிட்டு ஆட வைத்தார். பிறகு யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அங்கே பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பயிற்சியில் ஒரு குள்ளமான, வேகமான கார்டைத் துரத்தித் துரத்தி மூச்சு வாங்கி நின்றபோது, வந்து பக்கத்தில் நின்றவர் என்.பி.ஏ. ஜாம்பவான் வில்ட் சேம்பர்லின். இந்த ஆளை நீ ஜென்மத்துக்கும் பிடிக்க மாட்டாய், அது உன் வேலையும் இல்லை, என்று சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கூடைக்கு முன்னால் நிறுத்தினாராம். உன் வேலை இங்கே நிற்பது, வருகிறவனைத் தடுப்பது, பந்தை எடுத்துக் கார்டிடம் கொடுப்பது, அவ்வளவுதான் என்று. ஈட்டன் பிற்காலத்தில் மேடைதோறும் சொன்ன கதை இது. 1984-85 சீசனில் அவர் தடுத்த எறிதல்கள் 456, ஆட்டத்துக்கு 5.56. இரண்டையும் இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

சேம்பர்லின் அவருக்குப் புதிதாக எதையும் கற்றுத்தரவில்லை, கவனியுங்கள். எதை விடலாம் என்று சொல்லிக்கொடுத்தார். உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் தேவை. அது உங்கள் இப்போதைய கோச்சாகவே இருக்கலாம், அவர் வாய் சரியில்லை என்பது வேறு.

எறியும் முறையை மாற்றுவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். 31-க்கு 9 என்பது 29 சதவீதம், பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் அசல் அளவு 38 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்கூட 31-இல் 12 விழ வேண்டும். 12-க்கும் 9-க்கும் நடுவே மூன்று பந்து. பத்து ஆட்டத்தில் மூன்று பந்து ரிம்மில் சுற்றி வெளியே போனதற்காக பத்து வருடப் பழக்கத்தைக் கலைக்கப் போகிறீர்களா? அதே போல் பயிற்சியில் 65 விழுவதை ஆட்டத்தோடு ஒப்பிடாதீர்கள். அங்கே யாரும் உங்கள் முகத்துக்கு நேரே பாய்ந்து வருவதில்லை, அடுத்த பந்து எப்போது வரும் என்று தெரியும். உலகத்தின் நல்ல ஷூட்டர்களில் ஒருவர் கெர், ஆட்டத்தில் அவருக்கே 45 சொச்சம்தான். ப்ரூஸ் போவன் என்று சான் அன்டோனியோவில் ஒருவர், 2002-03 சீசனில் த்ரீயில் 44.1 சதவீதத்தோடு லீக்கிலேயே முதலிடம். அதே சீசனில் ஃப்ரீ த்ரோவில் அவருக்கு 40.4 சதவீதம்! ஆளே இல்லாமல், இன்னும் கிட்டத்தில் நின்று எறிவது அதைவிட மோசம். திறமை என்பது கையில் மொத்தமாக இருப்பதில்லை, ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட விதமாகப் பந்து வாங்கி எறிவதில் இருக்கிறது. உங்களுக்கும் அந்த இடம் கார்னர். பக்கக் கோட்டுக்கும் த்ரீ கோட்டுக்கும் நடுவே 90 சென்டிமீட்டர்தான், அதற்குள் பார்க்காமலே இரண்டு காலையும் வைக்கத் தெரிந்தவர் நீங்கள். அதை ஏன் கலைக்க வேண்டும்?

போவனைப் பற்றி இன்னொன்று. டிராஃப்டில் யாரும் அவரை எடுக்கவில்லை, பிரான்ஸ் வரை போய் ஆடிவிட்டு வந்தவர். பிறகு மூன்று பட்டம். அவருக்குக் கார்னர் த்ரீ ஒன்று, டிஃபென்ஸ் ஒன்று, வேறெதுவும் கிடையாது. ஒன்றிலிருந்து பத்துக்குப் போக வேண்டியதில்லை தம்பி, ஒன்றரைக்குப் போனால் போதும்.

அந்த அரைக்கு என்ன செய்வது? டிஃபென்ஸ் கோச் ஒருவரிடம் இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். பந்தோடு வருகிறவன் முன் முதல் இரண்டு அடியில் மட்டும் எப்படி நேராக நிற்பது. எறியப்போகிறவனை நோக்கி ஓடிப்போய் எப்படிப் பாதியில் குட்டி அடி வைத்து நிதானிப்பது. தாண்டிவிட்டால் அவனை எந்தப் பக்கம், உதவிக்கு ஆள் இருக்கும் பக்கமாக, தள்ளிவிடுவது. வாரத்துக்கு மூன்று நாள், 20 நிமிடம். இந்தப் பக்கம், யாராவது பாய்ந்து வந்தால் எறிவதுபோல் பாவனை காட்டி, ஒரே ஒரு தட்டு தட்டி, பக்கவாட்டில் நகர்ந்து எறிவது அல்லது பாஸ் கொடுப்பது. டிரிபிளிங்கில் உங்களுக்கு அது மட்டும் போதும். மீதி நேரம் முழுக்க ஷூட்டிங்தான், ஆனால் நின்ற இடத்தில் இல்லை. ஓடிவிட்டு, மூச்சு வாங்கும்போது, கால் கனக்கும்போது.

புதிய கிளப் ஒப்பந்தம்

இது கெட்ட வாய்ப்பு இல்லை. 6.75 மீட்டர் கோடு என்று நீங்கள் எழுதியிருப்பதால் சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதியில் ஆடுகிறீர்கள் என்று தெரிகிறது. என்.பி.ஏ.வில் 2001-லிருந்து டிஃபென்ஸ் வீரர், யாரையும் பிடிக்காமல், கூடைக்கு முன்னால் 3 நொடிக்கு மேல் நிற்க முடியாது. ஃபிபாவில் அந்த விதி கிடையாது, உயரமான ஆள் ஆட்டம் முழுக்க அங்கேயே குடியிருக்கலாம். அதனால் உள்ளே நுழைவது கஷ்டம், வெளியிலிருந்து எறிகிறவனுக்கு மதிப்பு அதிகம். இன்னொரு பக்கம், சோன் டிஃபென்ஸ் (ஆளைப் பிடிக்காமல் ஆளுக்கொரு இடத்தைக் காப்பது) ஆடும் அணியில் உங்கள் மெதுவான காலை ஒரு மூலையில் ஓரளவு மறைக்கவும் முடியும். ஆகவே அந்தக் கிளப்பிடம் சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி: நீங்கள் சோன் ஆடுகிறீர்களா, ஆளுக்கு ஆள் ஆடுகிறீர்களா? அவர்களுடைய இரண்டு மூன்று ஆட்டங்களை நேரில் போய்ப் பாருங்கள். கார்னரில் நிற்பவனுக்குப் பந்து வருகிறதா, இல்லை ஒரே ஆள் எல்லாவற்றையும் எறிகிறானா என்று எண்ணுங்கள். பாஸ் கொடுக்க ஆளில்லாத அணியில் ஷூட்டர் தூணுக்குச் சமம்.

“நிறைய நிமிடம் தருவோம் என்று சொன்னார்கள்” என்கிறீர்கள். வாயால் சொன்னது வாயோடு போய்விடும், நிமிடத்துக்கு எந்த கோச்சும் எழுதித் தரவும் மாட்டார், அதை எதிர்பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்தில் இருக்க வேண்டியவை வேறு: அடிபட்டு ஆட முடியாமல் போனால் சம்பளம் தொடருமா, சிகிச்சைச் செலவு யாருடையது, நடு சீசனில் அவர்கள் உங்களை அனுப்பினால் மீதிப் பணம் உண்டா, நீங்களே விலக நினைத்தால் என்ன, இப்போதைய கிளப்பிடமிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்குவது யார் பொறுப்பு. கடைசியில் சொன்னதைப் பலர் மறந்துவிட்டு, இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் ஒரு சீசனைக் கோட்டைவிடுகிறார்கள். ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் காட்டுங்கள். ‘நாளைக்கே கையெழுத்து வேணும்’ என்று அவசரப்படுத்தினால் அதுவே ஒரு தகவல்தான்.

கோச்சிடம் பேசுங்கள்

அவர் எல்லோர் முன்னாலும் பேசிய விதம் தவறு. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அவரிடம், “சார், குறையைச் சொல்லுங்க, ஆனா தனியா சொல்லுங்க” என்று மரியாதையோடு கேட்பதில் தப்பே இல்லை. தொடர்ந்து அப்படியே நடந்தால் கிளப் நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆனால் அவர் சொன்ன விதமும் சொன்ன விஷயமும் உங்கள் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டன. விதத்தின் மேல் இருக்கும் கோபத்தில் விஷயத்தையும் தூக்கி எறிந்துவிட்டீர்கள், அதனால்தான் நான்கு லே-அப் ‘வேறு விஷயம்’ ஆகிவிட்டது.

‘ஒத்தக்கை’ என்ற பெயரைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். அதை வைத்தவன் யார், என்ன தொனியில் கூப்பிடுகிறான் என்று எழுதவில்லை. வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் பந்து கார்னருக்கு வர வேண்டிய நேரத்தில் அவர்கள் யாரைத் தேடுகிறார்கள் என்பதையும் ஒரு ஆட்டம் கவனித்துப் பாருங்கள்.

பயிற்சி முடிந்த பிறகு, ஆட்டம் தோற்ற நாளாக இல்லாமல் பார்த்து, கோச்சிடம் பத்து நிமிடம் கேளுங்கள். ஏன் என்னை எடுத்தீர்கள் என்று ஆரம்பிக்காதீர்கள், அது சண்டையில்தான் முடியும். இந்த மூன்றைக் கேளுங்கள்: என்னை வெளியே எடுக்கும்போது அநேகமாக எந்த ஒரு காரணத்துக்காக எடுக்கிறீர்கள்? அதில் எந்த அளவு வந்தால் என்னை 15 நிமிடம் நம்பி விடுவீர்கள்? நான் எதைப் பற்றிக் கவலையே பட வேண்டாம்?

கிளப்புக்குப் பதில் சொல்ல மாதக் கடைசி வரை நேரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதற்கு முன்பே இது நடக்கட்டும். மூன்றாவது கேள்விக்கு அவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எனக்கு எழுதுங்கள். அதற்கு அவரிடம் பதிலே இல்லை என்றால், கையெழுத்துப் போடுவது பற்றி அடுத்த கடிதத்தில் வேறு மாதிரிப் பேச வேண்டியிருக்கும்.